பத்துக் கை பட்ட கொடி

சினிமாவில் நடிக்க வேண்டும் என்று டெய்லர் கனவிலும் நினைத்தவர் அல்ல. பட்டாளத்து உடுப்புகளைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கத்தான் படப்பிடிப்பு நடந்த அந்தப் பழைய செங்கல் சூளைக்கு வந்தார். வந்த இடத்தில் டைரக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார். "இந்த முகத்துல ஒரு பயம் இருக்கு பாருங்க. இதை யாராலயும் நடிச்சுக் கொண்டுவர முடியாது" என்றாராம். மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். டெய்லருக்குப் பட்டப்பகலில் நிற்பதும் பேய்தான். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூடக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை நெஞ்சைத் தடவிக்கொள்வார். அப்படிப்பட்டவரைப் பிடித்துப் போர் வீரனாக்கிவிட்டார்கள்.

ஆனவர் தான் மட்டும் ஆகியிருக்கலாம். இன்னும் ஒரு ஆள் குறைகிறது என்று கேட்டதும், வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மனைவியின் தம்பியைக் கூட்டி வந்து நிறுத்தினார். பேக்கரியில் ரொட்டி சுட்டவன். குழுவில் எல்லாருக்கும் பட்டப்பெயர் விழுந்தபோது அவனுக்கு ரொட்டி என்றே விழுந்தது. கிளம்பும்போது அக்காக்காரி வாசலில் நின்று புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அவன் வெள்ளந்தி. யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவான். உங்களை நம்பித்தான் அனுப்பறேன்."

டெய்லர் பெரிய தளபதி மாதிரித் தலையாட்டினார்.

பதினோரு பேருக்கும் பயிற்சி கொடுக்க வந்தவர் நிஜப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சினிமா வழக்கப்படி எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள். படம் பொய்யாக இருக்கலாம், ஓட்டம் பொய்யாக இருக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். முன்னால் ஓடும் தலைவன் ஒருவன். மற்றவர்கள் இருவர் இருவராக ஜோடி; ரொட்டிக்கு ஜோடி டெய்லர். ஹெல்மெட் வாரை ஜோடிக்காரன்தான் மாட்டிவிட வேண்டும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் தலையைத் திருப்பி, ஜோடி வருகிறானா என்று பார்க்க வேண்டும். ஆபத்து என்று பட்டால் கத்திப் பிரயோசனமில்லை, வெடிச் சத்தத்தில் காது கேட்காது. ஹெல்மெட்டைக் கழற்றி உயர்த்த வேண்டும். அதைப் பார்த்தவன் நின்ற இடத்திலேயே நின்று தன் ஹெல்மெட்டையும் உயர்த்த வேண்டும். அப்படி ஒவ்வொருவராக உயர்த்தி முன்னால் இருக்கும் தலைவன்வரை போனால், அவனுக்கு நேரே, வெடிகளை இயக்கும் பொத்தான் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் வெடிக்காரர் பொத்தானில் இருந்து கையை எடுத்துவிடுவார். புகையில் அவருக்குத் தலைவன் ஒருவன்தான் தெரிவான். காரணமில்லாமல் ஹெல்மெட்டைக் கழற்றியவன் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதெல்லாம் நியாயம். இன்னொரு சட்டம் இருந்தது, அதுதான் எமன். ஒருத்தன் தப்பு செய்தால் மற்ற எல்லாருக்கும் தண்டனை.

"போர்ல குண்டு ஆள் பார்த்து வராது" என்பார் மாஸ்டர். "ஒருத்தன் தப்பு பண்ணா பக்கத்துல இருக்கறவன்தான் சாவான். அவனைத் திருத்தறது உங்க வேலை. என் வேலை இல்ல."

ரொட்டிக்கு இடது எது, வலது எது என்று அவசரத்தில் பிடிபடாது. அடுப்பு முன்னால் நின்றவனுக்கு முன்னும் பின்னும்தானே தேவைப்பட்டது. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் வலப்பக்கம் திரும்பி அடுத்தவன் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க" என்று சிரிப்பான். உடனே பத்துப் பேரும் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு செங்கல் ஜல்லியில் முழங்கால் போட வேண்டும். ரொட்டி சரியாகத் திரும்பும்வரை எழுந்திருக்கக் கூடாது. பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் பதற்றம், இன்னும் தப்பு. டெய்லர் அவன் வலது கைச் சட்டை முனையில் ஒரு சிவப்புப் பொத்தானைத் தைத்துவிட்டார். அதன் பிறகு கொஞ்சம் தேறினான். ஆனாலும் முழுசாகத் தேறவில்லை. மற்றவர்களின் முழங்காலும் தேறவில்லை.

முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு சாப்பாட்டு வரிசையில் இடித்தார்கள். பிறகு அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். டெய்லர் உண்மையிலேயே பயந்தது அந்த மூன்றாவது கட்டத்தில்தான். பேசாமல் இருக்கிற கும்பல் உள்ளுக்குள் எதையோ பேசிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

படப்பிடிப்பு நாளில் அது வெளியே வந்தது. களத்தில் அங்கங்கே குழி தோண்டி, வெடிமருந்து வைத்து, மேலே பொடிமண் போட்டு மூடியிருந்தார் வெடிக்காரர். ஒவ்வொரு குழி மீதும் ஒரு மஞ்சள் கொடி. அவரவர் ஓடும் வழியில் ஒரு கொடி வரும். அதில் இருந்து நாலு எட்டு தள்ளி ஓட வேண்டும். கேமரா ஓடும்போது கொடிகளைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் ஓடிப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

காலையிலேயே குழிகளை நிரப்பிவிட்டு வெடிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். ரொட்டி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து, தலைவனாக ஓடுகிற லாரி டிரைவர், மீசை என்று பெயர், மற்றவர்களைக் களத்துக்குள் கூட்டிப் போனான்.

"அவன் கொடியை நாலு எட்டு தள்ளி நட்டுட்டா போதும்" என்றான் மீசை. "குழி அவன் கால்கிட்ட வெடிக்கும். ஒத்திகையில பார்த்தீங்கல்ல, ஒரு கைப்பிடி மருந்து. சத்தம் பெருசு, சங்கதி சின்னது. மூஞ்சில மண்ணு அடிக்கும். அவனே மூட்டையைக் கட்டிட்டு ஓடிருவான். அவனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

"அவன் என் மச்சான்" என்றார் டெய்லர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அதனாலதான் உங்க கை முதல்ல வேணும். நாளைக்கு யாரும் யாரையும் காட்டிக் குடுக்கக் கூடாது பாருங்க. எல்லாரும் கை வைப்போம். வைங்க அண்ணே."

யாரும் அவரை மிரட்டவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்பது பேர் அவரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அரைக்கால் சட்டைக்குக் கீழே அவர்கள் முழங்கால்களில் ஜல்லி குத்திய காயம் சிவப்பாக இருந்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், எந்த ஊரோடு என்று சொல்லவில்லை. டெய்லர் கொடிக் கம்பின் அடியில் கை வைத்தார். அவர் கை மேல் இன்னொரு கை, அதன் மேல் இன்னொன்று. பத்துக் கை சேர்ந்து ஒரு மூங்கில் குச்சியைப் பிடுங்கின. ஒரு குழந்தை பிடுங்கக்கூடிய குச்சி.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி ஒத்திகை. வெடி இல்லாமல் வெறும் ஓட்டம். ரொட்டி இடம் மாற்றிய கொடியில் இருந்து சரியாக நாலு எட்டு தள்ளி, ஒரு இம்மி பிசகாமல், நிஜக் குழியின் மேலேயே மிதித்துக்கொண்டு ஓடினான். மாஸ்டரே அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"பார்த்தீங்களா அத்தான்?" என்று மூச்சிரைக்க வந்தான். "இன்னைக்கு யாரும் என்னால முட்டி போட வேணாம்."

டெய்லர் பதில் சொல்வதற்குள் வெடிக்காரர் கூப்பிட்டார். அவருடைய தோல்பையின் வார் அறுந்துவிட்டதாம், ரெண்டு தையல் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். பலகைக்குப் பக்கத்தில் குந்தி டெய்லர் ஊசியை எடுத்தார். வெடிக்காரர் பேச்சுக்காரர். தன் தொழிலைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டே போனார்.

"ஒத்திகையெல்லாம் சும்மா தீபாவளி மாதிரி. இன்னைக்குத்தான் நிஜம். அதுவும் அந்த ஒன்பதாம் நம்பர் இருக்கே, டைரக்டர் அங்கதான் பெருசா கேக்கறாரு. ஒரு ஜீப்பைக் கவுக்கற அளவுக்கு வச்சிருக்கேன்."

ஒன்பதாம் நம்பர் ரொட்டியின் குழி.

"பக்கத்துல ஓடறவனுக்கு?" என்று கேட்டார் டெய்லர்.

"நாலு எட்டு தள்ளி ஓடினா வெறும் மண்ணுதான்."

"மேல நின்னா?"

வெடிக்காரர் சிரித்தார். "மேல ஏன்யா நிக்கறான்? நின்னா காலை எடுத்துக் கையில குடுத்துரும்."

ஊசி விரலில் ஏறியது. டெய்லர் அதைப் பிடுங்கக்கூட இல்லை. கொடி இடம் மாறியிருக்கிறது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். யார் மாற்றியது என்று அடுத்த கேள்வி வரும் என்று தோன்றியதும் வாய் தானாக மூடிக்கொண்டது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? யாருக்கும் தெரியாமல் கொடியைப் பழைய இடத்தில் நட்டுவிட்டால் போதும் என்று களத்துக்கு ஓடினார். அங்கே உதவியாளர்கள் கொடிகளையெல்லாம் பிடுங்கி, விறகு மாதிரிக் கட்டாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார்கள்.

மீசையைத் தேடிப் பிடித்துச் சொன்னார். மீசையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவனும் கெட்டவன் இல்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு லாரி ஏறுகிறவன்தான். ஆனால் பயம் யாரையும் நல்லவனாக இருக்க விடுவதில்லை.

"இப்ப சொன்னா எல்லாரும் உள்ள போவோம் அண்ணே" என்றான் மெதுவாக. "வேகமா ஓடறான்ல. மிதிச்சுட்டுத் தாண்டிருவான். பொத்தானை அழுத்தற நேரமும் அவன் கால் வைக்கற நேரமும் ஒண்ணாவா வரப்போகுது?"

"வந்துட்டா?"

மீசை தன் பூட்ஸைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் விஷயம் காதோடு காதாக மற்ற எட்டுப் பேருக்கும் போய்விட்டது.

டெய்லர் ரொட்டியிடம் போனார். அவன் ஹெல்மெட் வாரை மாட்டிவிடும் சாக்கில் குனிந்து, "இங்க பாரு, ஓடும்போது கொஞ்சம் பொத்தான் பக்கமா ஒதுங்கிப் போ" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் தானும் கை வைத்தது தெரிந்துவிடும். அக்காவுக்கும் தெரிந்துவிடும்.

"ஐயோ, இல்ல அத்தான். நீங்கதானே இம்மி பிசகக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க" என்றான் ரொட்டி. "கண்ணை மூடிட்டுக்கூட ஓடுவேன். நீங்க பயப்படாதீங்க." பேசிக்கொண்டே தன் முறைக்கு அவர் வாரை மாட்டிவிட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு விரலை உள்ளே விட்டும் பார்த்தான்.

ஒலிபெருக்கியில் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். பத்துப் பேரில் ஒருத்தராவது சொல்லாமலா போய்விடுவார்கள் என்று டெய்லர் நினைத்தார். கை வைத்ததில் தன் பங்கு பத்தில் ஒன்றுதானே, அந்தப் பாவமும் பத்தில் ஒன்றுதானே என்று துணி அளக்கிற மாதிரி மனசுக்குள் அளந்து பார்த்தார். மற்ற ஒன்பது பேரும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு நின்றார்கள். எல்லாருடைய கணக்கும் சரியாக இருந்தது. ரொட்டியின் கால்கள் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

புகை விட்டார்கள். மாஸ்டரின் விசில் கேட்டது. ஓடினார்கள்.

முதல் குழி வெடித்தபோது டெய்லருக்கு அடிவயிறு வரை அதிர்ந்தது. இது ஒத்திகைச் சத்தம் இல்லை. மண் ஒரு வீட்டுச் சுவர் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. ரொட்டி முன்னால் இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் சட்டப்படித் தலையைத் திருப்பி, சிவப்புப் பொத்தான் பக்கம் பார்த்து, அத்தான் வருகிறாரா என்று சரிபார்த்துக்கொண்டான். பார்த்த ஒவ்வொரு முறையும் லேசாகச் சிரித்தான். நாலாவது. ஐந்தாவது.

டெய்லர் நின்றார். யோசித்து நின்றார் என்று சொன்னால் அது பொய். அந்தச் சிரிப்பை அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வாரை இழுத்தார், ரொட்டி அழுத்தி மாட்டிய வார் சட்டென்று வரவில்லை. நகத்தால் பிய்த்து, ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார்.

ஆறாவது வெடித்தது. ரொட்டி திரும்பினான். ஹெல்மெட்டைப் பார்த்தான். அத்தானுக்கு ஏதோ ஆபத்து என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கும். சட்டம் சட்டம்தானே. இருந்த இடத்திலேயே அப்படியே நின்றான். தன் ஹெல்மெட்டையும் கழற்றி உயர்த்தினான்.

அவன் நின்றது ஒன்பதாம் குழியின் மேல்.

டெய்லருக்கு உலகமே நின்றுபோன மாதிரி இருந்தது. ஓடிக்கொண்டிருந்தாலாவது தாண்டியிருப்பான். தானே அவனைப் பிடித்து அங்கே நிறுத்திவிட்டார். "ஓடுடா! ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஏழாவது வெடித்து அதை விழுங்கியது. அவனிடம் ஓட நினைத்தார். முழங்கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ரொட்டி கையை இறக்காமல், கண்ணை மூடாமல், அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றான். வாழ்நாளில் அவன் ஒரு சட்டத்தை இவ்வளவு சரியாகக் கடைப்பிடித்ததில்லை.

பக்கத்தில் ஒரு ஹெல்மெட் உயர்ந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. புகைக்குள் ஒவ்வொன்றாக உயர்ந்துகொண்டே போயின. காரணம் எல்லாருக்கும் தெரியும். கடைசியில் மீசை. அவன் திரும்பிப் பார்த்தான். எட்டு வெடித்தது. மீசையின் கை தாடைக்குப் போனது. போய், அங்கேயே நின்றது. டெய்லர் மண்ணில் உட்கார்ந்தபடி அந்தக் கையையே பார்த்தார். அவர் உயிர் முழுவதும் அந்தக் கையில் இருந்தது. பிறகு மீசை வாரைக் கழற்றக்கூடப் பொறுக்காமல் ஹெல்மெட்டைப் பிய்த்து எடுத்து உயர்த்தினான்.

ஒன்பது வெடிக்கவில்லை.

மாஸ்டர் களத்துக்குள் வந்தார். "யாரு முதல்ல கழட்டினது?"

டெய்லர் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார்.

"நான்தான் மாஸ்டர்" என்றான் ரொட்டி. "சத்தம் கேட்டுப் பயந்துட்டேன்."

"காரணம் ஒண்ணும் இல்ல?"

"இல்ல மாஸ்டர்."

"அப்ப சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

பத்துப் பேர் மூச்சு விட்டார்கள். நினைத்தது நடந்துவிட்டது பாருங்கள். ரொட்டி வீட்டுக்குப் போகிறான், யாருக்கும் ஒரு கீறல் இல்லை, யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. டெய்லர் இனி வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அவரைத் தாண்டிப் போகும்போது ரொட்டி குனிந்து அவரைத் தூக்கிவிட்டான். காதோடு சொன்னான்.

"அக்காகிட்ட நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன். நீங்க பயந்ததை நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் அத்தான்."

டெய்லரின் பயம் அப்போதும் போகவில்லை. பயந்துகொண்டேதான் சொன்னார்.

"மாஸ்டர், முதல்ல கழட்டினது நான். அவன் கொடி இடம் மாறியிருக்கு. அவன் நின்னது குழி மேல."

வெடிக்காரர் பலகையில் இருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓடி வந்தார். ரொட்டி நின்ற இடத்தில் அவனுடைய பூட்ஸ் தடம் இரண்டும் பதிந்திருந்தன. நடுவில் விரலை விட்டு மண்ணைத் தள்ளினார். கம்பி வெளியே வந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"யாரு மாத்தினது?" என்றார் மாஸ்டர். "யார் யாரு?"

"என் கை இருந்துச்சு" என்றார் டெய்லர். "அடியில இருந்தது என் கை. மத்தவங்க கையை அவங்கவங்களே சொல்லட்டும்."

மாஸ்டர் வரிசையைப் பார்த்தார். எல்லாருக்கும் சேர்த்துத் தண்டனை சொல்வதற்கு அவர் வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்தபடி நின்றது. அவர் கண் அவர்களுடைய முழங்கால்களில் இருந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டார். மீசை மட்டும் கையை உயர்த்தினான், வகுப்பில் தப்பு செய்த பையன் மாதிரிப் பாதி உயரத்துக்கு. மற்றவர்கள் உயர்த்தவில்லை.

ரொட்டி டெய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"நீங்களுமா அத்தான்?"

"ஆமா."

"அப்ப பொத்தான் பக்கமா போன்னு சொன்னது?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

வெளிச்சம் போகிறது என்று டைரக்டர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார். சினிமாவுக்கு அதுதான் பெரிய ஆபத்து. டெய்லரையும் மீசையையும் களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொன்னார் மாஸ்டர்; அவர்களை என்ன செய்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். தலைவனாகத் தானே ஓடப் போவதாகச் சொன்னார். வெடிக்காரர் குழிகளை நிரப்பி, கொடிகளைத் தன் கையாலேயே நட்டார். ரொட்டியை யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவனாகவே இருந்தான். புதுக் கொடியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்து நின்றான்.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டபோது வார் தொங்கியது. டெய்லர் பழக்கத்தில் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினார். ரொட்டி ஓர் அடி பின்னால் போய்த் தானே மாட்டிக்கொள்ளப் பார்த்தான். வெகுநேரம் ஆயிற்று. கோணலாகத்தான் மாட்டினான்.

மறுபடியும் புகை, விசில், ஓட்டம். கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு டெய்லர் ஒவ்வொரு வெடிக்கும் நடுங்கினார். உள்ளே ஓடியபோது இருந்ததைவிட அதிகமாக நடுங்கினார். எட்டு முடிந்தது. ஒன்பது வெடித்தபோது களமே மறைந்து போனது. மண் மழையாகக் கொட்டி, புகை மெல்ல விலகியது. ரொட்டி நாலு எட்டு தள்ளி, முழுசாக, கைகாலோடு ஓடிக்கொண்டிருந்தான்.

பழக்கத்தில் அவன் தலையைத் திருப்பினான். சிவப்புப் பொத்தான் பக்கம் ஜோடி வருகிறானா என்று பார்த்தான். அங்கே யாரும் இல்லை. ஒரு கணம் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு, முன்னால் திரும்பி ஓடினான்.